காஷ்மீர் ஜனங்கள் கொடுத்த பதில்

ஸ்ரீநகரில் கடை அடைத்தார்கள் என்றால் நம் நாட்டில் யாரும் அதை ஒரு செய்தியாகவே கருதுவதில்லை. அந்த நகரம் அனுஷ்டித்த ஹர்த்தால்களுக்குக் கணக்கு இல்லை. சர்க்காரைக் கண்டித்து அடைத்தார்கள். சிறையில் கிடந்தவர்களுக்காக அடைத்தார்கள். துப்பாக்கிப் பிரயோகத்தில் இறந்தவர்களுக்காக அடைத்தார்கள். அடைக்காமல் இருந்தால் இரவில் யார் வந்து கதவைத் தட்டுவார்களோ என்ற பயத்தாலும் பல நாள் அடைத்தார்கள். ஆனால் துப்பாக்கி ஏந்தி வந்த கொலைகாரர்களைக் கண்டித்துப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒருமுகமாகக் கடை அடைத்தது 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 23-ந் தேதி, புதன்கிழமையன்றுதான். முப்பத்தைந்து வருஷங்களில் இதுவே முதல் தடவை என்று பத்திரிகைகள் எழுதின.

அன்று அடைத்த கதவுகளின் அர்த்தத்தைத் தேசம் சரியாகப் படித்ததா என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் விஷயம். படிக்கவில்லை என்பது நமது அபிப்பிராயம். படிக்காமல் விட்டதுடன் நில்லாமல், நம்மில் சிலர் அந்த ஏட்டைக் கிழித்தும் போட்டார்கள்.

முதல் நாள் பிற்பகலில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அனந்தநாக் ஜில்லாவில், லித்தர் நதிக்கரையில் உள்ளது பஹல்காம். அதற்கு மேலே சில கிலோமீட்டர் தூரத்தில், ஊசியிலை மரங்கள் சூழ்ந்த பைசரன் என்ற புல்வெளி. மோட்டார் போகும் பாதை அங்கே கிடையாது. நடந்து போகலாம், அல்லது மட்டக் குதிரையில் ஏறிப் போகலாம். தேசத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்த குடும்பங்கள், குழந்தைகள், புதிதாக மணம் முடித்தவர்கள் அந்த வெளியில் உல்லாசமாக இருந்த நேரத்தில் ஆயுதம் தாங்கியவர்கள் புகுந்தார்கள். மதம் என்னவென்று கேட்டார்கள். கலிமா சொல்லச் சொன்னார்கள். சொல்லத் தெரியாத ஆண்களை மனைவி மக்களின் கண்ணெதிரே சுட்டார்கள். 26 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் நேபாள தேசத்தவர். ஒருவர், பிரயாணிகளைச் சுமந்து வந்த உள்ளூர் முஸ்லிம் குதிரைக்காரர். கொலைகாரர்களைத் தடுக்க முற்பட்டு அவர் உயிரை விட்டார்.

அன்று மாலையே பஹல்காமில் மெழுகுவர்த்தி ஏந்திய ஊர்வலம் கிளம்பியது. கடை அடைக்கும்படி பல ஊர்களில் மசூதிகளின் ஒலிபெருக்கிகளிலிருந்து அறிவித்தார்கள். இந்த ஒலிபெருக்கி விஷயத்தைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். 1990-ம் வருஷம் ஜனவரி மாதக் குளிரில் காஷ்மீரப் பண்டிதர்களை நடுங்க வைத்த கோஷங்களும் மசூதி ஒலிபெருக்கிகளிலிருந்துதான் கிளம்பின. வீடு வாசலை விட்டு ஓடிய பண்டிதக் குடும்பங்கள் அந்தச் சப்தத்தை இன்றும் மறக்கவில்லை. அதே கருவி 2025-ல் அந்நிய ஊர்க்காரர்களின் சாவுக்குத் துக்கம் அனுஷ்டிக்கச் சொல்லிற்று. முன்னது பின்னதால் அழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. பண்டிதர்களின் கணக்கு இன்னும் தீர்க்கப்படாமலே இருக்கிறது. ஆனாலும் ஒரு ஜனசமூகத்தின் குரல் மாறியதைக் காதுள்ளவன் கவனிக்காமல் இருக்க முடியாது.

மறுநாள் ஸ்ரீநகர்ப் பத்திரிகைகள் முதல் பக்கத்தைக் கறுப்பாக்கி வெளியிட்டன. ஆளும் தேசிய மகாநாட்டுக் கட்சி, எதிரே நிற்கும் மக்கள் ஜனநாயகக் கட்சி, காங்கிரஸ், வர்த்தக சங்கங்கள், சமயத் தலைவரான மீர்வாயிஸ் உமர் பரூக் என்று, வேறு எந்த விஷயத்திலும் ஒரே வரிசையில் நிற்காதவர்கள் இந்த ஹர்த்தாலுக்கு ஒன்றாக நின்றார்கள். பிரயாணிகளை விமான நிலையத்துக்குக் கூலி வாங்காமல் கொண்டு சேர்த்த வண்டிக்காரர்கள் உண்டு. தங்க இடமும் உணவும் இலவசமாகக் கொடுத்த விடுதிக்காரர்கள் உண்டு. சால்வை விற்பவர் ஒருவர், காயமுற்ற ஒருவரை முதுகில் சுமந்துகொண்டு மலைச் சரிவில் ஓடிய காட்சியைத் தேசம் முழுவதும் பார்த்தது. வெள்ளிக்கிழமையன்று ஸ்ரீநகர் ஜாமியா மசூதியில் தொழுகைக்கு முன் மௌனம் அனுஷ்டித்தார்கள். அந்த மசூதி டில்லியுடன் எவ்வளவு காலமாகப் பிணங்கி நிற்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த மௌனத்தின் கனம் தெரியும்.

ஏப்ரல் 28-ந் தேதி ஜம்மு-காஷ்மீர் சட்டசபை விசேஷக் கூட்டம் கூடி, படுகொலையைக் கண்டித்து ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. முதல் மந்திரி ஜனாப் ஓமர் அப்துல்லா அன்று பேசிய பேச்சு, சமீப காலத்தில் எந்தச் சட்டசபையிலும் நாம் கேட்டிராத வகையைச் சேர்ந்தது. விருந்தினரை அழைத்தவர்கள் நாம். அவர்களைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவது நமது கடமை. அதைச் செய்யத் தவறிவிட்டோம். இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்க என்னிடம் வார்த்தை இல்லை என்ற கருத்துப்பட அவர் பேசினார். இத்தனைக்கும் போலீஸ் இலாகா அவர் கையில் இல்லை. 2019-ம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி முதல் ஜம்மு-காஷ்மீர் யூனியன் பிரதேசமாக இருந்து வருகிறது; பந்தோபஸ்துப் பொறுப்பு டில்லியையும் அதன் பிரதிநிதியான துணை நிலை கவர்னரையும் சேர்ந்தது. தம் கையில் இல்லாத அதிகாரம் தவறியதற்குத் தாம் தலை குனிந்தார் ஒரு மந்திரி. ராஜ்ய அந்தஸ்தைத் திரும்பக் கேட்க இந்தச் சாவுகளைச் சாக்காகக் கொள்ள மாட்டேன் என்றும் சொன்னார். கேட்டிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

இவ்வளவையும் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். "அவர்கள் அழுதது செத்தவர்களுக்காக அல்ல, போன வரும்படிக்காக" என்பது அவர்கள் வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும் இந்த வாதத்துக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறோம்.

வரும்படி போயிற்று என்பது உண்மை. 2024-ம் வருஷத்தில் ஜம்மு-காஷ்மீருக்கு 2 கோடியே 36 லட்சம் பேர் வந்ததாகச் சர்க்கார் கணக்குக் கூறியது. வைஷ்ணவ தேவி ஆலயத்துக்குச் சென்ற யாத்ரீகர்களும் இதில் அடங்குவர். பஹல்காம், குல்மார்க், சோனமார்க் போன்ற ஊர்களில் குதிரைக்காரன், படகுக்காரன், சால்வை நெய்பவன், குங்குமப்பூ விற்பவன், ரொட்டி சுடுபவன் எல்லோருக்கும் பிரயாணிதான் கஞ்சி ஊற்றுகிறான். வேனில் தொடங்கும் சமயத்தில் வந்து விழுந்தது இந்த இடி. சில தினங்களுக்குள் 87 உல்லாச ஸ்தலங்களில் 48 மூடப்பட்டன. வருஷத்தில் நான்கைந்து மாதம் சம்பாதித்து, பனி பெய்யும் மாதங்களில் அதைச் சாப்பிடுகிறவன் வீட்டில், அந்த வருஷம் அடுப்பில் பூனை தூங்கும் என்பது நிச்சயம். அவன் அதற்காகவும் அழுதான். அழுதால் என்ன குற்றம்?

நம் ஊரில் சத்திரத்தில் தங்கிய வழிப்போக்கனைத் திருடன் குத்திக் கொன்றுவிட்டால், சத்திரத்துக்காரன் இறந்தவனுக்காக வருந்துகிறான். இனி யார் இங்கே தங்குவார்கள் என்றும் வருந்துகிறான். இரண்டு துக்கத்தையும் வெவ்வேறு பானையில் வைத்துக் காய்ச்சுவதில்லை. பிழைப்பு கலந்த துக்கம் துக்கமே இல்லையென்றால், உலகத்தில் உழைத்துச் சாப்பிடுகிறவன் எவனும் எதற்கும் அழக்கூடாது என்றாகிவிடும்.

மேலும், காஷ்மீரிகளைத் தேசத்துடன் பிணைக்கப் போவது இந்தப் பிரயாணப் பெருக்கந்தான் என்று வருஷக்கணக்காகச் சொல்லி வந்தவர்கள் யார்? டில்லியில் இருப்பவர்களே. பள்ளத்தாக்கில் அமைதி நிலவுகிறதா என்று கேட்டபோதெல்லாம், விமானத்தில் எத்தனை பேர் வந்து இறங்கினார்கள் என்ற எண்ணிக்கையை எடுத்து நீட்டினார்கள். அந்த வேலை பலித்தது. பிழைப்பு பிணைத்தது. பிணைத்த பிறகு, "பிழைப்புக்காகத்தானே எங்களுடன் சேர்ந்து அழுகிறாய்" என்று ஏளனம் செய்வது எந்த ஊர் நியாயம்? இதிலேயே இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. பிரயாணிகளின் தலையெண்ணிக்கையை நாமே அமைதியின் அளவுகோலாக ஆக்கி ஊரறியப் பறைசாற்றினோம். அந்த அளவுகோலை முறிக்க விரும்பியவன் பிரயாணியைத் தேடிப் போனான். புல்வெளியில் காவல் போடாமல் புள்ளிவிவரத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனது யாருடைய பிழை என்ற கேள்விக்கு, 2025 ஜூலையில் துணை நிலை கவர்னர் ஸ்ரீ மனோஜ் சின்ஹா, பந்தோபஸ்து தவறியது உண்மையே, பொறுப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதைப் பாராட்டுகிறோம். அதற்கு இரண்டரை மாதத்துக்கு மேல் ஆயிற்று என்பதையும் குறித்து வைக்கிறோம்.

வரும்படி வாதத்துக்குக் கடைசிப் பதிலை அந்தக் குதிரைக்காரர் எழுதிவிட்டுப் போனார். புல்லில் குப்புறப் படுத்திருந்தால் அவர் பிழைத்திருக்கலாம். கலிமா அவருக்குத் தெரியும்.

எதிர்த் தரப்பில் உண்மை ஒன்றும் இல்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. கொலைகாரர்களுக்கு உணவும் இடமும் கொடுத்ததாக உள்ளூர்வாசிகள் இருவரை 2025 ஜூன் மாதம் தேசியப் புலனாய்வு ஸ்தாபனத்தார் கைது செய்தார்கள். ஜூலை 28-ந் தேதி ஸ்ரீநகருக்கு அருகே மலைக்காட்டில் சேனையால் சுட்டுக் கொல்லப்பட்ட மூவரே பைசரனில் கொலை செய்தவர்கள் என்றும், அவர்கள் பாக்கிஸ்தானியர் என்றும் உள்நாட்டு மந்திரி ஸ்ரீ அமித் ஷா மறுநாள் பார்லிமெண்டில் அறிவித்தார். மூன்று மாத காலம் அவர்கள் அந்த மலைகளிலேயே மறைந்து திரிய முடிந்தது என்றால் உதவி செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். குற்றம் ருஜுவானால் சட்டம் தண்டிக்கட்டும். ஆனால் இருவர் கதவைத் திறந்தார்கள் என்பது செய்தியானால், லட்சக்கணக்கானவர்கள் கதவை அடைத்தார்கள் என்பதும் செய்திதான்.

இனி, பள்ளத்தாக்குக்கு வெளியே நடந்தவற்றைப் பார்ப்போம்.

தேசத்தின் ஆத்திரத்தை நாம் ஒருபோதும் குறை கூற மாட்டோம். மதத்தைக் கேட்டு மனிதனைச் சுட்ட செய்தி வந்தபோது இரத்தம் கொதிக்காதவன் மனிதனல்லன். காயமுற்றவர்களில் நம் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் இருந்தார்கள். நகரந்தோறும் கண்டன ஊர்வலங்கள் நடந்தன. கட்சிகள் பேதத்தை மறந்து சர்க்காருக்குப் பின்னால் நின்றன. ஹைதராபாதில் பார்லிமெண்டு அங்கத்தினர் ஜனாப் அசதுத்தீன் ஓவைஸியின் அழைப்பின் பேரில், முஸ்லிம்கள் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குச் சென்றார்கள். இவையெல்லாம் ஒரு தேசத்துக்கு உரிய லட்சணங்கள்.

ஆனால் பள்ளத்தாக்கில் துக்க ஹர்த்தால் நடந்த அதே நாட்களில் டேராடூனில் என்ன நடந்தது? அங்கே கல்லூரிகளில் படிக்கும் காஷ்மீரி முஸ்லிம் மாணவர்கள் மறுநாளுக்குள் ஊரை விட்டுப் போகாவிட்டால் நடப்பது வேறு என்று ஒரு கூட்டத்தார் பகிரங்கமாகக் கெடு விதித்தார்கள். பஞ்சாபில் விடுதி அறைக்குள் புகுந்து மாணவர்களை அடித்தார்கள். மசூரியில் தெருவோரம் சால்வை விற்றுக்கொண்டிருந்தவர்களை உதைத்தார்கள். தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றும்படி மற்ற ராஜ்யங்களில் கேட்டுக்கொள்வதற்காக மந்திரிகளையே வெளியூருக்கு அனுப்ப வேண்டிய நிலை ஜம்மு-காஷ்மீர் சர்க்காருக்கு ஏற்பட்டது. சொந்த தேசத்துக்குள் தம் குடிமக்களைப் பற்றி விசாரிக்க ஒரு சர்க்கார் தூதர்களை அனுப்புவதைப் போன்ற வெட்கக்கேடு வேறு உண்டா?

அடித்தவர்கள் தங்களைத் தேசபக்தர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். காஷ்மீர் பாரதத்தின் பிரிக்க முடியாத அங்கம் என்று தொண்டை கிழியக் கத்துகிறவர்களும் அவர்களே. அவர்களை நாம் ஒன்று கேட்க விரும்புகிறோம். நிலம் மட்டும் அங்கமா, அதன் மேல் வசிக்கும் ஜனங்களும் அங்கமா? ஜனங்களும் அங்கமென்றால் டேராடூன் கல்லூரியில் பாடம் படிக்க வந்த பையன் வேறெங்கே போவான்? பைசரனில் சுட்டவன் எந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சுட்டானோ, அதே கேள்வியைத்தான் இவர்களும் விடுதி அறையில் கேட்டார்கள். நம் மாமல்லபுரத்திலும் கோடைக்கானலிலும் எத்தனையோ வருஷங்களாகக் கடை வைத்திருக்கும் காஷ்மீரி வியாபாரிகளை நம்மவர்கள் அறிவார்கள். ஸ்ரீநகரில் குண்டு வெடித்தாலும், எல்லையில் சண்டை மூண்டாலும், முதலில் முகம் வாடுவது அவர்களுக்குத்தான்.

இந்த விஷயத்தில் தேசத்துக்குப் புத்தி சொல்லும் தகுதி யாருக்கு உண்டோ அவர்கள் சொன்னார்கள். தகப்பனார் கண்ணெதிரே விழுந்து மாண்டதைப் பார்த்த கேரளத்துப் பெண் ஒருத்தி, தனக்கு அன்றிரவு முழுவதும் துணை நின்ற காஷ்மீரி வண்டிக்காரர்களைச் சகோதரர்கள் என்று அழைத்தாள். மணமான சில தினங்களில் கணவனைப் பறிகொடுத்த இளம் பெண் ஒருத்தி, முஸ்லிம்கள் மீதோ காஷ்மீரிகள் மீதோ ஜனங்கள் பாய்வதைத் தாங்கள் விரும்பவில்லை, வேண்டுவது சமாதானமும் நியாயமுந்தான் என்றாள். சில தினங்களுக்கு முன் அவளுக்காகக் கண்ணீர் வடித்தவர்களில் பலர், இதைக் கேட்டதும் எழுதக் கூசும் வார்த்தைகளால் அவளை ஏசினார்கள். அவளுக்குப் பரிந்து தேசிய மகளிர் கமிஷன் அறிக்கை விட வேண்டியதாயிற்று. விதவையின் கண்ணீர் தங்கள் துவேஷத்துக்கு எண்ணெயாகும் வரையில் அது புனிதமானது. எண்ணெயாக மறுத்தால் அவளும் துரோகி. இதற்குப் பெயர் துக்கமா?

நமது சரித்திரம் இதில் நமக்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. 1947-ம் வருஷம் அக்டோபரில் பாக்கிஸ்தானிலிருந்து ஆயுதம் தாங்கிய கூட்டத்தார் காஷ்மீரில் புகுந்து பாரமுல்லாவைச் சூறையாடினார்கள். ஸ்ரீநகருக்கு வழி கேட்ட அவர்களை, மக்பூல் ஷெர்வானி என்ற தேசிய மகாநாட்டுத் தொண்டர் தவறான பாதையில் திருப்பிவிட்டுப் பொழுதைக் கடத்தினார். அக்டோபர் 27-ந் தேதி ஸ்ரீநகரில் வந்திறங்கிய நமது சேனைக்கு அந்தப் பொழுது விலைமதிப்பற்றதாக இருந்தது. ஏமாந்ததை அறிந்த கூட்டத்தார் அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். வயது இருபதைக்கூட எட்டாத அந்த முஸ்லிம் வாலிபரைக் காந்தியடிகள் டில்லிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் போற்றிப் பேசினார். அப்பொழுது பஞ்சாப் எரிந்துகொண்டிருந்தது. டில்லித் தெருக்களிலேயே பிணங்கள் கிடந்து சில வாரங்கள்கூட ஆகவில்லை. அந்த வெறிக்கு நடுவே நின்று, பாரமுல்லாவில் ஒரு முஸ்லிம் செய்ததைப் பார் என்று தேசத்துக்குச் சுட்டிக் காட்ட ஒருவர் இருந்தார். 2025-ல் குதிரைக்காரரின் வீட்டுக்கு மந்திரிகள் போனார்கள், உதவித் தொகை கொடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் அவரைக் காட்டி டேராடூனுக்கும் மசூரிக்கும் ஒரு வார்த்தை உரக்கச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை.

சர்க்காரின் காரியங்களில் ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டும். கொலைக்குப் பின் சில தினங்களுக்குள், பயங்கரவாதிகள் என்று கருதப்பட்டவர்களின் குடும்ப வீடுகள் பள்ளத்தாக்கில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. மகன் செய்த குற்றத்துக்குத் தாயின் கூரையைப் பிடுங்கும் தண்டனை எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது? விசாரணையின்றிக் குற்றவாளியின் வீட்டை இடிப்பது சட்ட விரோதம் என்று சுப்ரீம் கோர்ட்டே 2024-ம் வருஷம் நவம்பரில் தீர்ப்பளித்திருந்தது. ஜனங்கள் தாமாக முன்வந்து நம் பக்கம் நின்ற வாரத்தில் இது நடந்தது. குற்றவாளிகளையும் குற்றமற்றவர்களையும் வேறுபடுத்திப் பார்க்கும்படி முதல் மந்திரியும், எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஸ்ரீமதி மெஹபூபா முப்தியும் முறையிட்ட பிறகே வேகம் தணிந்தது.

பிறகு நடந்தவை வாசகர்களுக்குத் தெரியும். மே மாதம் 7-ந் தேதி நமது விமானங்கள் பாக்கிஸ்தானிலிருந்த பயங்கரவாத முகாம்களைத் தாக்கின. 10-ந் தேதி சண்டை நின்றது. அந்த நான்கு நாட்களில் பாக்கிஸ்தான் பீரங்கிகள் பூஞ்ச் நகரில் முஸ்லிம், சீக்கியர், ஹிந்து என்று பார்க்காமல் உயிர்களைக் குடித்தன. மாண்டவர்களில் பள்ளிக்கூடக் குழந்தைகளும் இருந்தார்கள். எல்லையோரத்தில் வசிக்கும் ஜனங்கள் தேசத்துக்காகச் செலுத்தும் வரியை டில்லியில் இருந்து எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு.

மே 27-ந் தேதி ஜனாப் ஓமர் அப்துல்லா தமது மந்திரிசபைக் கூட்டத்தைப் பஹல்காமிலேயே நடத்தினார். ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. சவாரி இல்லாவிட்டாலும் குதிரைக்குத் தீனி போட்டாக வேண்டும். கடன் வாங்கிப் போட்டவர்கள் பலர். ஜூன் மத்தியில் மூடிய ஸ்தலங்களில் சில திறக்கப்பட்டன. ஜூலை 3-ந் தேதி அமர்நாத் யாத்திரை தொடங்கியது. மழையின் காரணமாக ஒரு வாரம் முன்னதாகவே அது முடிந்தபோது, சுமார் நான்கு லட்சம் பேர் பனிலிங்கத்தைத் தரிசித்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். நடக்க முடியாத யாத்ரீகர்களை, எல்லா வருஷங்களையும் போலவே, அந்த மலைவாசி முஸ்லிம்கள் குதிரையிலும் டோலியிலும் ஏற்றிக் கொண்டு போய்க் குகை வாசலில் இறக்கினார்கள்.